நடித்தவர்கள், நடத்தியவர்கள்

தஞ்சைத் தரணியின் பெருமை பேசுகிறவர்கள் நெல்லைச் சொல்வார்கள், பெரிய கோயிலைச் சொல்வார்கள், இசையைச் சொல்வார்கள். நாடகத்தைச் சொல்பவர் சிலரே. நாடகத்தில் நடித்ததோடு நில்லாமல் அதனை முன்னின்று நடத்தவும் செய்த பெண்மணிகளைச் சொல்பவரோ அவரினும் சிலர். திருவையாற்றுக்கு விருந்தினரை அழைத்துச் சென்றால் தியாகராசர் சமாதியையும் காவிரிப் படித்துறையையும் காட்டி, அசோகா அல்வா வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். தமிழின் முதல் பேசும் படத்தில் கதாநாயகியாக நடித்தவரும், தென்னிந்தியாவின் முதல் பெண் திரைப்பட இயக்குநருமான டி. பி. ராஜலட்சுமி பிறந்த ஊர் இது என்று நம்மில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

பெயரின் முன்னெழுத்துகளே ஊரைச் சொல்கின்றன. முதலெழுத்து திருவையாறு, அடுத்தது தந்தை பஞ்சாபகேசர். அந்தத் தந்தையின் பெயரும் அவ்வூர் ஐயாறப்பரின் பெயரை ஒட்டியதே. 1911-ஆம் ஆண்டு பிறந்த அம்மகளுக்கு ஏழெட்டு வயதிலேயே திருமணம் முடிந்துவிட்டது. அன்று அதைத் தடுக்கச் சட்டம் இல்லை. சாரதா சட்டம் 1929-இல்தான் வந்தது. அதுவும் பெண்ணுக்குப் பதினான்கு வயது போதும் என்றது. மணவாழ்வு நிலைக்கவில்லை. சிறுமி பிறந்தகம் திரும்பினாள். அந்தக் கவலையோடு தந்தையும் கண்மூடினார். தாயும் மகளும் பிழைப்புத் தேடித் திருச்சிராப்பள்ளிக்குப் போனார்கள்.

இத்தகைய நிலையிலிருந்த பெண்ணுக்கு அக்காலத்தில் தெரிந்த வழிகள் இரண்டு: பிறர் வீட்டு அடுப்படி, அல்லது சொந்த வீட்டு இருட்டறை. மூன்றாவது வழி ஒன்று உண்டு என்று அத்தாய் துணிந்ததை எண்ணிப் பார்க்கிறேன். மகள் நன்றாகப் பாடுவாள். சாமண்ணா என்பவரின் நாடகக் குழு அப்போது திருச்சியில் இருந்தது. ‘தமிழ் நாடகத் தலைமையாசிரியர்’ எனப் போற்றப்படும் சங்கரதாசு சுவாமிகள் சிறுமியின் குரலைக் கேட்டு மெச்சினார் என்பர். சுவாமிகள் 1922-இல் மறைந்தார். ஆகவே அந்த ஆசி கிடைத்தபோது அவளுக்கு வயது பத்து, பதினொன்றுதான் இருக்கும்.

அன்றைய ‘ஸ்பெஷல் நாடகம்’ எப்படி நடந்தது என்பதை இளைய வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். ராஜபார்ட்டு ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட்டு வேறோர் ஊரிலிருந்து வருவார். பபூனும் ஆர்மோனியக்காரரும் மற்றும் இரண்டு ஊர்கள். சம்பா அறுவடை முடிந்த வயலில் கீற்றுக் கொட்டகை போட்டிருக்கும். அன்று மாலைதான் எல்லாரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ போன்ற நாடகங்களின் பாட்டும் வசனமும் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் இடையில் தர்க்கம் என்று ஒன்று வரும். கதாநாயகன் எதையும் கேட்பான். புராணம் கேட்பான், இலக்கணம் கேட்பான், குதர்க்கமும் கேட்பான். நாயகி அங்கேயே, பாட்டாலும் பேச்சாலும், விடை சொல்லியாக வேண்டும். தடுமாறினால் கொட்டகையே நகைக்கும். நடிப்பும் இயக்கமும் அங்கே இரண்டல்ல. இரவு முழுவதும் தன் பங்கைத் தானே நடத்திக்கொள்ளத் தெரிந்தவளே ஸ்திரீபார்ட்டு. ராஜலட்சுமி பின்னாளில் இயக்குநரானது வியப்பல்ல என்று நான் கருதுவது இதனால்தான். கலாசாலைகள் கற்றுத் தராததை அந்தக் கீற்றுக் கொட்டகைகள் கற்றுத் தந்திருந்தன.

ஆனால் ஊர் என்ன சொன்னது? என் பாட்டி யாரையேனும் கடுமையாக ஏச வேண்டுமென்றால் ‘நாடகக்காரி’ என்பார். அதே பாட்டி, நடவுப் பெண்கள் வரப்போரம் குனிந்து நின்று குரலெடுத்துப் பாடுவதைத் திண்ணையிலிருந்து ஆசையோடு கேட்டிருப்பார். கூலிக்கு நாற்று நடுகிறவள் பாடலாம். கூலிக்குப் பாடுகிறவள் பாடலாகாது! இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நம் கத்தோலிக்கச் சிற்றூர்களும் இதற்கு விலக்கல்ல. தேவதாயின் அருளால் வெட்டுண்ட கைகளை மீண்டும் பெற்ற ஞானசௌந்தரியின் கதையை நம்மவர்கள் கண்ணீர் வடித்துப் பார்த்தார்கள். ஞானசௌந்தரியாக நின்றவரோ பெரும்பாலும் மீசை மழித்த ஓர் ஆடவர்!

ராஜலட்சுமிக்கு முன்பே இந்த மண்ணில் ஒரு முன்மாதிரி இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதனை ஒட்டிய ஆண்டுகளிலும் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் முழுவதும் பெண்களே அடங்கிய நாடகக் குழுவை நடத்தினார். ஆண் வேடங்களையும் பெண்களே புனைந்தனர். அவர் தேவதாசி குலத்தில் பிறந்தவர். ஆதரவற்ற பெண்கள் பலருக்கு அக்குழுவே வீடாக இருந்தது. அவர் நாடகத்தைக் காண மாயூரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தனி இரயில்கள் ஓடின என்றும், ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்றே மக்கள் அவற்றை அழைத்தனர் என்றும் சொல்வார்கள். அவர் மேடையேற்றிய ‘டம்பாச்சாரி’, ஆடம்பரத்தால் அழிந்த ஒரு செல்வனின் கதை. ‘தாரா சசாங்கம்’ போன்றவை அன்றே கண்டனத்துக்கு உள்ளாயின; அவற்றை நான் போற்றவில்லை. எனினும் எழுபது பேர் கொண்டதாகச் சொல்லப்படும் அக்குழுவுக்குச் சோறிட்டு, பாடம் சொல்லி, ஊர் ஊராக அழைத்துச் சென்றவர் ஒரு பெண் என்பதை எந்தக் கண்டனமும் மறைத்துவிட முடியாது. கடைசி நாட்களில் மதுரையில் வறுமையுற்று மறைந்தார் என்பர்.

மீண்டும் ராஜலட்சுமியிடம் வருவோம். மேடையில் தேசியப் பாடல்களைத் துணிந்து பாடியதற்காக அவர் கைதானதும் உண்டு. 1876-ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் ஆட்சியாளர் கையில் இருந்த காலம் அது. 1931 அக்டோபர் 31-இல் சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ வெளியாயிற்று. கதாநாயகி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் விடை கூறினார். மக்கள் அதையும் பொறுத்துக்கொண்டு கூட்டங்கூட்டமாகப் பார்த்தார்கள். கற்றறிந்த இளவரசியைச் சூழ்ச்சியால் ஒரு மூடனுக்கு மணமுடித்த கதை. அப்படத்தில் தியாகராசரின் கீர்த்தனைகளையும் பாடினார், திருவையாற்றுப் பெண் அல்லவா!

1936-இல் அவர் எடுத்த ‘மிஸ் கமலா’வே என் கருத்தில் அவர் வாழ்வின் முக்கியமான செயல். ‘கமலவல்லி’ என்று தாமே எழுதிய நாவல்தான் கதை. தயாரிப்பு, இயக்கம், கதாநாயகி வேடம் மூன்றும் அவரே. விருப்பத்துக்கு மாறாக மணம் செய்விக்கப்படும் பெண்ணின் கதை அது. பம்பாயில் பாத்திமா பேகம் 1926-இல் இயக்கத் தொடங்கியிருந்தார். தென்னாட்டில் எவரும் இல்லை. தமக்கு நேர்ந்ததைப் பற்றி அழுது புலம்பும் வேடங்கள் ராஜலட்சுமிக்கு ஏராளமாகக் கிடைத்திருக்கும். கதையின் முடிவைத் தீர்மானிக்கும் உரிமை வேடத்தில் இல்லை, இயக்குநர் நாற்காலியில் இருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார். தமக்குப் பிறந்த மகளுக்கும் கமலா என்றே பெயரிட்டார். பெண் என்ற ஒரே குற்றத்துக்காகக் கொல்லப்படவிருந்த சிசு ஒன்றையும் எடுத்து வளர்த்தார். இதை எழுதும்போது என் பேனா சற்று நின்றுதான் நகர்கிறது.

இரண்டாண்டுகளுக்கு முன் என் பங்கில் தவக்காலப் பாஸ்கா நாடகத்தைத் தான் பயிற்றுவிப்பதாக ஆசிரியப் பயிற்சி பெற்ற ஓர் இளம்பெண் முன்வந்தாள். உடைகளைப் பெண்கள் தைக்கலாம், வேடத்துக்குப் பொட்டும் பூவும் கொடுக்கலாம். ஆனால் பெண்பிள்ளை சொல்லி ஆண்கள் ஆடுவதாவது என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ‘அவளே நடத்தட்டும்’ என்றேன். வியாகுல மாதாவாக ஒரு விதவைத் தாயை நிறுத்தினாள். வழக்கமான நீண்ட ஒப்பாரியை நீக்கிவிட்டாள். கல்வாரிக் காட்சியில் அத்தாய் ஒரு சொல்லும் பேசாமல் நின்றார். ஆண்டுதோறும் அவ்விடத்தில் சிரித்துக் குறும்பு செய்யும் இளைஞர் கூட்டம் அன்று அசையவில்லை. முகம் சுளித்தவர்களுள் ஒருவர் மட்டும் இன்னமும் பாஸ்கா பார்க்க வருவதில்லை. அவரும் ஒருநாள் வருவார் என்று காத்திருக்கிறோம்.

ராஜலட்சுமி ‘மதுரை வீரன்’ படத்தையும் 1939-இல் இயக்கினார். 1964-இல் சென்னையில் காலமானார். ‘காளிதாஸ்’ படச்சுருள் இன்று கிடைக்கவில்லை. ஆனால் அக்காலத்து நாடக நோட்டீசுகளும் மலிவுக் காகிதப் பாட்டுப் புத்தகங்களும் நம் ஊர்களின் பழைய மரப்பெட்டிகளில் இன்னும் இருக்கக்கூடும். கும்பகோணம், மாயூரம் பக்கத்து அன்பர்கள் எவரேனும் பாலாமணி அம்மாளைப் பற்றித் தம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்பின், அதனை எனக்கு ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புமாறு வேண்டுகிறேன். பெட்டியில் கிடைக்கும் காகிதத்தை மட்டும் தபாலில் சேர்க்க வேண்டாம்; நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.