துளசி வாடினால் மருமகள் மேல் பழியா? முதலில் வேரைப் பாருங்கள்!

தொட்டிச் செடி வாடி நின்றால் நம் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: ‘ஐயோ, தண்ணி ஊத்தலையே!’ சித்திரை வெயிலில் அது சரியாக இருக்கலாம். ஆனால், வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னை வீடுகளில் செடி வாடுவதற்குக் காரணம் பல நேரங்களில் நேர்மாறானது. தண்ணீர் அதிகமாகி, வேர் அழுகியிருக்கும்.

வடசென்னையின் மூலக்கொத்தளம் போன்ற நெருக்கமான பகுதிகளில் செடி வளர்ப்பதே பெரிய விஷயம். மொழிப்போர் தியாகிகள் தாளமுத்துவும் நடராசனும் அடக்கம் செய்யப்பட்ட இடம் இது. பக்கத்தில் பேசின் பிரிட்ஜ் ரயில் சத்தம், ஓயாத லாரிப் புழுதி, அடுக்குமாடி வீடுகளில் கையகல பால்கனி. அதிலும் காலி பெயின்ட் வாளியில் ஒரு துளசி, எண்ணெய் டின்னில் ஒரு கற்பூரவல்லி, ஜன்னல் கம்பியில் படரும் மணி பிளான்ட் என்று பச்சை தலைகாட்டிவிடுகிறது.

மூன்று கைகள், ஒரு வாளி

அப்படி ஒரு வீட்டின் நான்காவது மாடியில், பெயின்ட் வாளியில் ஒரு துளசி இருந்தது. குடிசையைக் காலி செய்து ஹவுசிங் போர்டு வீட்டுக்கு வந்தபோது, பழைய வாசலில் இருந்து மாமியார் மண்ணோடு பெயர்த்து எடுத்துவந்த செடி. காலையில் குளித்ததும் அவர் ஒரு சொம்பு ஊற்றுவார். வேலை முடிந்து வரும் மருமகள், ‘வெயில்ல காஞ்சிருக்குமே’ என்று மாலையில் ஒரு சொம்பு. பள்ளிக்கூடத்தில் இருந்து வரும் பேரன், பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரை அதில் கவிழ்ப்பான். ஒருவர் ஊற்றுவது அடுத்தவருக்குத் தெரியாது. வாளியின் அடியில் ஓட்டையும் கிடையாது.

ஐப்பசி மழை தொடங்கிய பத்தே நாளில் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. மாமியாருக்கு வேறு சந்தேகம். “தீட்டு நாள்ல யாரோ தொட்டுட்டாங்க. இல்லைன்னா துளசி இப்படிக் கருகுமா?” என்று பொதுவாகச் சொன்னார். வீட்டில் அந்த வயதில் இருந்தது ஒரே ஒரு பெண்தான். மருமகள் பதில் பேசவில்லை. அன்றிலிருந்து பால்கனிப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டார்.

வழக்கைத் தீர்த்துவைத்தது, தெருவில் செடி வண்டி தள்ளிவரும் வியாபாரி. கீழே இறக்கிவரச் சொல்லி வாளியைத் தூக்கிப் பார்த்தவர், “யக்கா, இன்னா கனம் கனக்குது! இது தாகம் இல்ல, மூச்சு முட்டிக் கெடக்குது” என்றார். வாளியைச் சாய்த்துச் செடியை வெளியே எடுத்தார். சாக்கடை வாடை. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்கள் பழுப்பாகிக் குழைந்திருந்தன. இழுத்ததும் மேல்தோல் கழன்று, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சியது.

வேருக்கும் மூச்சு உண்டு

வேர் வேலை செய்ய ஆக்சிஜன் தேவை. மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில் இருந்துதான் அது கிடைக்கிறது. அந்த இடைவெளிகள் முழுக்கத் தண்ணீர் நின்றுவிட்டால் ஆக்சிஜன் எட்டாது. காற்றில் பரவுவதைவிட, தண்ணீரில் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். மூச்சுத் திணறும் வேர் செத்துப்போகிறது. செத்த வேர் தண்ணீரை உறிஞ்சாது. அதனால்தான் ஈரத்தில் நிற்கும் செடி, தாகத்தில் இருப்பது போலவே வாடுகிறது. நாமும் ஏமாந்து இன்னொரு சொம்பு ஊற்றுகிறோம்.

பலவீனமான வேரைக் கிருமிகள் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். பித்தியம், பைட்டோப்தோரா போன்றவற்றின் வித்துகள் ஈர மண்ணில் நீந்திப் போய் வேரைத் தாக்கக்கூடியவை. 1845-ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்ததும், மிளகுக் கொடிகளை வாட்டுவதும் பைட்டோப்தோரா இனத்தைச் சேர்ந்தவைதான். அவற்றுக்கு வேண்டியது தேங்கிய ஈரம். தீட்டு, கண்ணேறு, கைராசி எதுவும் வேருக்குத் தெரியாது.

தாகமா, அழுகலா?

விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தாகம். சொதசொதவென்று இருந்தும் செடி வாடியிருந்தால் வேரில் கோளாறு. அடித்தண்டு கருத்து மெத்தென்று இருப்பதும், மண்ணில் கெட்ட வாடை வருவதும் மற்ற அடையாளங்கள்.

காப்பாற்றும் வழி

செடியை வெளியே எடுத்து, வேரைத் தண்ணீரில் அலசுங்கள். பழுப்பாகிக் குழைந்த வேர்களை, ஸ்பிரிட்டால் துடைத்த கத்தரியால் வெட்டுங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருப்பவற்றை விட்டுவிடுங்கள். வேர் குறைந்த அளவுக்கு மேலே இலைகளையும் குறைக்க வேண்டும். பழைய மண் வேண்டாம். அதே தொட்டிதான் என்றால், ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, நன்றாக அலசிக் காயவையுங்கள். நட்டபின் வெளிச்சமான நிழலில் வையுங்கள். புதுத் துளிர் வரும்வரை உரம் போடாதீர்கள். வெட்டிய இடத்தில் மஞ்சள்தூள் பூசுவது பலர் வழக்கம். ஆனால், அழுகிய வேரை அது மீட்டுத் தராது.

மேலே சொன்ன துளசியில் வெட்டியது போக மிஞ்ச நல்ல வேரே இல்லை. அதற்கும் வழி இருந்தது. பச்சையாக இருந்த இரண்டு நுனிகளைச் சுமார் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளையும் பூக்கதிர்களையும் கிள்ளிவிட்டு, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வைத்தார்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினார்கள். மூன்றாவது வாரத்தில் வெள்ளை வேர் எட்டிப்பார்த்தது. மாமியார் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. புதுத் தொட்டியில் நட்ட அன்று மருமகளைக் கூப்பிட்டு, “இனிமே நீ மட்டும் ஊத்தும்மா. எல்லா நாளும்” என்றார். அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளின் அர்த்தம் மருமகளுக்குப் புரிந்தது.

மீண்டும் வராமல் இருக்க...

● வாளியோ டின்னோ, அடியில் நான்கைந்து ஓட்டைகள் கட்டாயம். மண்தொட்டி என்றால் ஈரம் பக்கவாட்டிலும் வெளியேறும்.

● அடியில் ஜல்லி பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது தவறான நம்பிக்கை. ஈரம் ஜல்லிக்கு மேலே மண்ணிலேயே தேங்கும். வேருக்கு இடம்தான் குறையும். ஓட்டையை மறைக்க ஒரு ஓட்டாஞ்சில்லு போதும்.

● செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மக்கிய தொழு உரம் சம அளவு எடுத்து, கொஞ்சம் ஆற்றுமணல் கலக்கலாம். காசிமேடு பக்கம்தானே என்று கடல்மணல் அள்ளிவர வேண்டாம். உப்பு வேரைக் கெடுக்கும்.

● சின்னச் செடிக்குப் பெரிய தொட்டி வேண்டாம். வேர் எட்டாத மண் காயாமல் ஈரமாகவே கிடக்கும்.

● டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை தரும் பூஞ்சையைத் தொழு உரத்தோடு கலந்து மண்ணில் சேர்க்கலாம். வருமுன் காக்க உதவும். முழுக்க அழுகிய வேரைப் பிழைக்க வைக்காது.

● கிழமை பார்த்து ஊற்றாதீர்கள். விரல் வைத்துப் பார்த்து ஊற்றுங்கள். வீட்டில் ஒருவரே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்வது நல்லது.

● மழைநாளில் தொட்டிகளைச் சாரல் படாத பக்கம் நகர்த்துங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது போல வெள்ளம் சூழ்ந்தால், தொட்டிகளை முதலில் மேட்டில் ஏற்றிவிடுங்கள்.

● தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நின்றால் உடனே கொட்டிவிடுங்கள். வேருக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் அது ஆபத்து. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையில் இருந்து முழுக் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவிவிட்டால் இரண்டு கவலையும் தீரும்.