தென்காசிக் காற்றும் காலி நாற்காலியும்

தென்காசிக்குப் போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது காசி விசுவநாதர் ஆலயத்தின் ராஜகோபுரம். ஒன்பது நிலைகள், சுமார் 180 அடி உயரம். கோபுர வாசலில் கால் வைத்ததும் மலைக்காற்று நம் மேல்துண்டைப் பறித்துக்கொண்டு போகப் பார்க்கும். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய ஆலயம் இது. தன் காலத்துக்குப் பின் இத்திருப்பணியில் குறை நேர்ந்தால், அதைத் திருத்திக் காப்பவர் எவரோ அவர் பாதங்களைத் தான் வணங்குவதாக அம்மன்னன் கல்லில் எழுதி வைத்தான். சிதைந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்ற கோபுரம், புதுப்பிக்கப்பெற்று 1990-இல் குடமுழுக்குக் கண்டது.

முடி தரித்த வேந்தனே பின்வரும் ஜனங்களுக்குத் தலை வணங்கினான். அப்படியானால், ஜனங்களின் வாக்கினால் பதவி பெற்ற தலைவர்கள் யாருக்கு வணங்க வேண்டும்?

மூன்று மைல் தள்ளியுள்ள குற்றாலத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மை அடைகிறது. ஆனி, ஆடி மாதங்களில் சாரல் விழத் தொடங்கினால் பேரருவியிலும் ஐந்தருவியிலும் ஜன சமுத்திரந்தான். அத்தனை பேருக்கும் குடிநீர், விளக்கு, துப்புரவு முதலியவற்றைக் கவனிக்க வேண்டியது ஒரு சிறு பேரூராட்சி. அருவியின் அழகு இறைவன் தந்தது. கரையின் சுத்தம் மனிதர் கையில் இருக்கிறது. ஓர் ஊரின் தலைவர் அக்கடமையை மறந்தால், ஊரார் ஐந்து வருஷம் பொறுத்திருக்கத்தான் வேண்டுமா?

தமிழ்நாட்டு நகராட்சி, பேரூராட்சித் தலைவர்களைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நம்பிக்கையில்லாத் தீர்மானத்தினால் இறக்குகிறவர்களும் அவர்களே. இதே தென்காசி ஜில்லாவின் சங்கரன்கோவில் நகராட்சித் தலைவர் 2025 ஜூலையில் அவ்விதமே பதவி இழந்தார். கிராம ஊராட்சித் தலைவரையோ ஜனங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் விளக்கம் கேட்டு, உறுப்பினர்களின் அபிப்பிராயத்தை அறிந்து, அவரை நீக்கும் அதிகாரம் கலெக்டரிடம் இருக்கிறது. வாக்களித்த குடியானவன் இரண்டு இடத்திலும் வேடிக்கை பார்ப்பவன்தான்.

மத்தியப் பிரதேசத்தில் வேறு வழி கண்டார்கள். நகரசபை உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கினர் கோரினால், விஷயம் ஜனங்களின் வாக்குப் பெட்டிக்குப் போகும். சின்னங்கள் இரண்டு: ஆள் அமர்ந்த நாற்காலி ஒன்று, காலி நாற்காலி ஒன்று. தலைவர் இருக்கலாம் என்போர் முன்னதற்கும், போகலாம் என்போர் பின்னதற்கும் வாக்களிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் விளங்கக்கூடிய அரசியல் சாஸ்திரம்! சத்தீஸ்கரில் 2008-இல் மூன்று ஊர்களின் தலைவர்கள் இவ்வாறு ஜனங்களாலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1903-லேயே இந்த உரிமையை ஏற்றுக்கொண்டது.

இது நமக்கு அந்நியச் சரக்கும் அன்று. 10-ஆம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவரை மீண்டும் வாரியத்துக்கு வரவொட்டாமல் தடுக்கிறது. பதவியிலிருக்கும்போதே குற்றம் கண்டால் உடனே விலக்கவும் சொல்கிறது.

ஆனால் இந்தக் கத்திக்கு இரு புறமும் கூர்மை உண்டு. பஞ்சாயத்துக்களில் தலைமை ஏற்ற பெண்களையும் ஹரிஜன சகோதரர்களையும் ஊர்ப் பெரிய மனிதர்கள் சூழ்ச்சி செய்து இறக்க முயன்ற கதைகள் பல. ஆகையால்தான் மத்தியப் பிரதேசச் சட்டம் தலைவருக்கு முதலில் சில வருஷ அவகாசம் தருகிறது. உழைத்துக் காட்டச் சமயம் கொடுத்த பிறகே கணக்குக் கேட்பது நியாயம். அந்தக் கணக்கையும் நாலைந்து பேர் மூடிய அறையில் பார்ப்பதைவிட, ஊரே கூடிப் பார்ப்பதல்லவா மேல்?

சாரல் காலத்தில் குற்றாலம் போகும் நேயர்கள் நீராடி முடிந்ததும் அருவிக்கரைச் சாக்கடையையும் ஒரு முறை பார்த்துவிட்டு வரவேண்டும். சுயராஜ்யம் டில்லியில் மட்டும் குடியிருப்பதில்லை; அதன் சுகதுக்கம் அங்கேயும் தெரியும்.