காயல் பார்த்த வீடுகள்

ஜன்னலைத் திறந்தால் வேம்பநாட்டுக் காயல். கொச்சியை ஒட்டிய மரடு பகுதியில் வீடு வாங்கியவர்கள் அந்தக் காட்சிக்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்தார்கள். பலருக்கு வங்கிக் கடன் கிடைத்தது. வீட்டு வரியும் கட்டினார்கள். இத்தனைக்குப் பிறகும் அந்த வீடு சட்டவிரோதம் என்றால் யார் நம்புவார்கள்?

2006-ல் மரடு கிராமப் பஞ்சாயத்து கட்டட அனுமதி கொடுத்தது. கடலோர ஒழுங்குமுறை விதிகளின்படி அந்த இடங்கள் அப்போது மூன்றாம் மண்டலத்தில் இருந்தன. கரையோரமாகப் புதுக் கட்டடம் எழுப்பவே கூடாத பகுதி அது. கடலோர மேலாண்மை ஆணையத்தைக் கேட்காமலே கையெழுத்து போட்டுவிட்டார்கள். அடுத்த வருஷமே பஞ்சாயத்து விழித்துக்கொண்டு நோட்டீஸ் அனுப்பியது. கட்டுமான நிறுவனங்கள் உயர் நீதிமன்றம் போய் அதற்குத் தடை வாங்கின. கதை கெட்டது இங்கேதான். வழக்கு ஒரு பக்கம் நடந்தது, மாடிகள் இன்னொரு பக்கம் ஏறிக்கொண்டே போயின. வழக்கில் இருக்கும் வீடு என்று வாங்க வந்தவர்களில் எத்தனை பேரிடம் சொன்னார்களோ!

2019 மே 8 அன்று உச்ச நீதிமன்றம் கட்டடங்களை இடிக்க உத்தரவிட்டது. மரடு இப்போது நகராட்சியாகிவிட்டது, விதிகளும் தளர்ந்துவிட்டன என்ற வாதம் எடுபடவில்லை. அனுமதி கொடுத்த காலத்தில் இருந்த நிலைதான் கணக்கு. செப்டம்பர் கடைசியில் மின்சாரமும் தண்ணீரும் துண்டிக்கப்பட்டன. வயதானவர்களையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு குடும்பங்கள் வாடகை வீடு தேடி அலைந்தன. ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு. முதலில் அரசு கொடுத்துவிட்டு, பிறகு நிறுவனங்களிடம் வசூலிக்க வேண்டும் என்பது உத்தரவு. ஆனால், கடன் வாங்கியவர்களுக்கு மாதத் தவணை நிற்கவில்லை. அக்டோபரில் பஞ்சாயத்தின் முன்னாள் செயலாளரும் ஒரு கட்டுமான நிறுவனத்தின் தலைவரும் கைதானார்கள். கையெழுத்து போட்டு 13 வருஷம் கழித்து!

2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு குடியிருப்பு வளாகங்களும் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. ஒவ்வொன்றும் விழச் சில விநாடிகள்தான் ஆயின. கடைசிக் கட்டடத்தை ஒட்டியிருந்த அங்கன்வாடி மட்டும் தப்பியது. பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்த கூட்டம் கைதட்டியது. அக்கம்பக்கத்துச் சிறிய வீடுகளில் இருந்தவர்கள் திரும்பி வந்து, திண்ணையிலும் கிணற்று மூடியிலும் படிந்திருந்த சிமென்ட் புழுதியைக் கழுவ ஆரம்பித்தார்கள்.