ஒருத்தரும் பாவிக்காத கீ

லப்டொப் வாங்கப் போகிற ஆளிட்ட எல்லாரும் கேட்கிற கேள்விகள் ஒரே மாதிரித்தான் இருக்கும். ரம் எவ்வளவு, எஸ்எஸ்டி இருக்கா, பட்டரி எத்தனை மணித்தியாலம் நிக்கும், புரொசசர் எத்தனையாம் தலைமுறை. கீபோர்ட் எப்படி எண்டு கேட்கிற ஆளை நான் இன்னும் காணவில்லை. ஆனால் கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு லப்டொப் என்பது முக்கால்வாசி கீபோர்ட்தான். நாங்கள் அதில் வீடியோ வெட்டுறதில்லை, கட்டடம் வரையிறதில்லை. எழுதுகிறோம். முதல் வருசம் அசைன்மன்ட், பிறகு கள அறிக்கை, கடைசி வருசம் ஆய்வுக்கட்டுரை. நாலு வருசமும் எங்கட விரல் படுகிற இடம் அது ஒன்றுதான்.

யூடியூபில் லப்டொப் விமர்சனம் செய்கிறவர்கள் கடைசியில் அரை நிமிசம் கீபோர்டைப் பற்றிச் சொல்வார்கள். தட்டுறதுக்குச் சுகமா இருக்கு, சத்தம் குறைவு, அவ்வளவுதான். அவர்கள் தட்டிப் பார்த்தது ஆங்கிலத்தில். அந்தத் தீர்ப்பு தமிழில் எழுதுகிற ஆளுக்குப் பொருந்துமா என்பதுதான் என்ர கேள்வி. பொருந்தாது என்று இப்ப எனக்குத் தெரியும். ஏன் என்று சொல்லுறதுக்கு முதல், அந்தக் கீயின் உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பெரும்பாலான லப்டொப்புகளில் ஒரு கீயைக் கழட்டினால், கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்கால் போகிற இரண்டு பிளாஸ்டிக் சட்டங்களைக் காணலாம். நடுவில் ஒரு சின்ன ரப்பர் குமிழ். அதற்குக் கீழே மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். அதில் மின்சாரம் கடத்துகிற கோடுகள் அச்சடித்திருக்கும். அமத்தும்போது குமிழ் மடிந்து மேல்தாளைக் கீழ்த்தாளோடு முட்டவைக்கும். விரலை எடுக்க, குமிழ் நிமிர்ந்து கீயைத் தூக்கிவிடும். விரலுக்குத் தெரிகிற அந்த ‘டக்’, குமிழ் மடிகிற இடம். இப்ப வாற லப்டொப்புகளில் கீ கீழே இறங்குகிற தூரம் பொதுவாக ஒரு மில்லிமீற்றரில் இருந்து ஒன்றரை மில்லிமீற்றர் வரைதான். மேசைக் கொம்பியூட்டர் கீபோர்டில் அது கிட்டத்தட்ட நாலு மில்லிமீற்றர். ஒரு மில்லிமீற்றருக்குள் எங்கட செம்மண் தூசி ஒரு துணிக்கை போய் இருந்தாலே கீக்கு மூச்சு முட்டும். அதோடு ஒவ்வொரு கீக்கும் தனி வயர் கிடையாது. நெடுக்கும் குறுக்குமாக ஓடுகிற கோடுகளைக் கீகள் பகிர்ந்துகொள்ளுகின்றன. தேத்தண்ணி ஊத்துப்பட்டு ஒரு கோடு அரித்துப்போனால், பக்கத்தில் பக்கத்தில் இல்லாத நாலைந்து கீகள் ஒன்றாகச் சாகிறது அதனால்தான்.

இனித் தமிழுக்கு வருவம்.

எங்கட பக்கம் கனபேர் இன்னும் பாமினி ஒழுங்கில்தான் டைப் பண்ணுகிறோம். பாமினி எழுத்துருவை விட்டு யுனிகோட்டுக்கு வந்தவர்களிலும் பலர், கைக்குப் பழகின அந்தக் கீ ஒழுங்கை மட்டும் விடவில்லை. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி எங்கே இருக்கிறது? ஆங்கில அரைப்புள்ளி கீயில். எல் கீக்கு வலப்பக்கம், வலக்கைச் சின்னிவிரல் தங்குகிற இடத்தில்.

ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கட்டுரையில் அரைப்புள்ளி ஒரு தரம் வந்தாலே பெரிசு. தமிழில் ‘யாழ்ப்பாணம்’ என்ற ஒரு சொல்லுக்குப் பதினொரு தட்டு. அதில் மூன்று புள்ளி. ‘பல்கலைக்கழகம்’ எழுதப் பதின்மூன்று தட்டு. மூன்று புள்ளி, நாலு ‘க’. அதாவது பதின்மூன்றில் ஏழு தட்டு இரண்டே இரண்டு கீக்குத்தான் விழுகிறது. ‘எனக்கு’ என்று எழுதிப் பாருங்கோ. புள்ளியைச் சின்னிவிரல் அமத்தும். அடுத்து வருகிற ‘கு’வுக்கு எஃப் கீயோடு ஷிஃப்ட் வேணும். முறையாகப் பழகின ஆள் வலப்பக்க ஷிஃப்டைத்தான் பிடிப்பார், அதையும் அதே சின்னிவிரலால். கு, பு, து, மு எல்லாம் ஷிஃப்டோடுதான். சில லப்டொப்புகளில் அம்புக்குறிக் கீகளுக்கு இடம் விடுறதுக்காக அந்த வலப்பக்க ஷிஃப்டைத்தான் முதலில் குறுக்கிவிடுவார்கள்.

கையிலேயே பலம் குறைஞ்ச விரல் சின்னிவிரல். அது கீயின் நடுவில் நேராக விழாது. ஓரத்தில், சரிந்து விழும். நல்ல கீ என்றால் ஓரத்தில் பட்டாலும் சமமாக இறங்கி எழுத்தைப் போட வேண்டும். மட்டமான கீ ஒரு பக்கம் சாயும், சட்டம் தளரும், ஒரு நாள் விழாது. ‘தட்டுறதுக்குச் சுகம்’ என்ற விமர்சனத்தில் இதெல்லாம் வராது. சுகமா எண்டு பார்த்த விரல் வேறை, எங்களுக்கு வேலை செய்கிற விரல் வேறை.

ஒழுங்கு மாறினால் தேய்கிற இடமும் மாறும். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99இல் புள்ளி எஃப் கீயில், பலமான சுட்டுவிரலுக்குக் கீழே. ஒரே மெய் இரண்டு தரம் வந்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாகவே விழும். ஒலிபெயர்ப்பில் டைப் பண்ணுகிறவர்களுக்குப் புள்ளிக் கீயே தேவையில்லை. ஆனால் அவர்களுடைய ‘பல்கலைக்கழகம்’ ஆறு தரம் ஏ கீயை அமத்தும். எப்படி எழுதினாலும் எங்கேயோ ஒரு கீ எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது.

கம்பசுக்குக் கிட்ட இருக்கிற கொமினிக்கேசன் ஒன்றில் டைப் பண்ணுகிற அக்காவின் கீபோர்டைப் பார்த்தால் இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை. மொத்தமான பழைய மேசைக் கீபோர்ட். அரைப்புள்ளி, எஃப், எச், பி எல்லாம் எழுத்தே இல்லாமல் வழுவழுவென்று மினுங்கும். சதுர அடைப்புக்குறிக் கீ புதுசு மாதிரி இருக்கும். “லப்டொப் வாங்கித் தாறன் எண்டு முதலாளி எத்தினை தரம் சொல்லிட்டார். நான்தான் வேண்டாம் எண்டனான். உதில ஒரு நாள் அடிச்சா இரவைக்குச் சின்னிவிரல் குத்தும் தங்கச்சி,” என்றா. பத்து வருசத்துக்கு மேல் மற்றவர்களுடைய ஆய்வுகளை அடித்துக் கொடுத்த கை அது. கீபோர்ட் விமர்சனம் எழுத அவவை விடத் தகுதியான ஆள் ஆர்?

எனக்கு இது கடைசி வருசத்தில் தலையில் விழுந்தது. ஆய்வுக்கட்டுரையின் இரண்டாம் அத்தியாயத்தில் நிற்கும்போது புள்ளிக் கீ குழப்படி தொடங்கியது. ஒருக்கா விழாது, ஒருக்கா இரண்டாக விழும். முழுசாகச் செத்த கீயை விட அரை உயிரோடு இருக்கிற கீ மோசம்; செத்தது தெரிந்தால் வேறை வழி பார்க்கலாம். வாரண்டி இன்னும் இரண்டு மாதம் இருந்தது. லப்டொப்பைக் காவிக்கொண்டு கொழும்புக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் ஆங்கிலத்தில் ஒரு வரி அடித்தார். எல்லா எழுத்தும் விழுந்தது. நான் அரைப்புள்ளியைக் காட்டினேன். ஐந்தாறு தரம் அமத்திப் பார்த்தார், நாலு தரம் விழுந்தது. “இது ஒருத்தரும் பாவிக்கிற கீ இல்லையே மிஸ்,” என்றார். வாரண்டியில் மாற்ற முடியாது, காசுக்கு என்றால் மேல்மூடியோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்று விலை சொன்னார். மூன்று மாத மகாபொலக் காசைச் சேர்த்தாலும் கட்டாது.

அவரில் எனக்குக் கோபமில்லை. அவருக்குத் தந்த சோதனை அப்படி. ஆனால் ஒன்று உறுத்துகிறது. சிங்களத்தின் விஜேசேகர விசைப்பலகையில் அதே அரைப்புள்ளி கீயில் இருக்கிறது சிங்களத் ‘த’ எழுத்து. சிங்களத்திலும் அடிக்கடி வருகிற எழுத்து. இந்த நாட்டின் இரண்டு அரசகரும மொழிகளுக்கும் வேணுமான ஒரு கீ, இந்த நாட்டில் இருக்கிற ஒரு கவுண்டரில் ‘ஒருத்தரும் பாவிக்காத கீ’ ஆகிவிட்டது.

கீபோர்ட் பழுதாகிறது ஏழைகளின் லப்டொப்பில் மட்டும் நடக்கிற கதை இல்லை. அப்பிள் கொம்பனி 2015இல் பன்னிரண்டு அங்குல மக்புக்கில் ‘வண்ணத்துப்பூச்சி’ என்று பெயர் வைத்த கீயைக் கொண்டுவந்தது. அரை மில்லிமீற்றர் அளவுதான் இறங்கும். அடுத்த வருசம் மக்புக் புரோவுக்கும் அது வந்தது. தூசி போனால் இறுகுது, இரண்டு தரம் விழுது என்று முறைப்பாடுகள் குவிந்தன. 2018இல் இலவசமாகத் திருத்திக் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தார்கள். 2019 மார்ச்சில் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னலில் ஜோவன்னா ஸ்டேர்ன் ஒரு பத்தி எழுதினார். தன்னுடைய கீபோர்ட் விழுங்கின ஈ, ஆர் எழுத்துகள் இல்லாமலே அதை வாசிக்கத் தந்தார். அந்த வருச நவம்பரில் அப்பிள் பதினாறு அங்குல மக்புக் புரோவில் பழைய கத்தரிக்கோல் முறைக்குத் திரும்பியது. அமெரிக்காவில் வழக்குப் போட்டவர்களோடு 2022இல் 5 கோடி டொலருக்கு இணக்கத்துக்கு வந்தது.

ஈயும் ஆரும் போனால் உலகம் கேட்கும். அது ஆங்கிலத்தின் முக்கியமான எழுத்துகள். எங்கட புள்ளி போனால் அது ‘ஒரு குறியீட்டுக் கீ’. பழுது ஒன்றுதான். ஆனால் பழுது என்று யாருடைய மொழியை வைத்துச் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கு.

தமிழ் படிக்கிற ஆள் என்றபடியால் எனக்கு இன்னொரு விசயமும் ஞாபகம் வருது. புள்ளி இல்லாமல் தமிழ் எழுதுறது புதுசு இல்லை. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றவர்கள், எது மெய், எது உயிர்மெய் என்று ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துத்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. எழுதுகிற பொருள் எதைத் தாங்குமோ அதைத்தான் எழுத்து வைத்திருக்கும். அச்சு மீட்டுத் தந்த புள்ளியை ஒரு பிளாஸ்டிக் சட்டத்திடம் திருப்பித் தோற்க எனக்கு விருப்பமில்லை.

முதல் கிழமை அரைப்புள்ளி ஒன்றைக் கொப்பி பண்ணி வைத்துக்கொண்டு, புள்ளி வருகிற இடமெல்லாம் ஒட்டி ஒட்டி எழுதினேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம். அதைவிடப் பயங்கரம் என்னவென்றால், நான் புள்ளி குறைந்த சொற்களாகத் தேடத் தொடங்கியிருந்தேன். ‘ஏற்றுக்கொள்கிறார்கள்’ வருகிற இடத்தில் வசனத்தையே மாற்றினேன். கீபோர்ட் என்ர நடையைத் திருத்தத் தொடங்கியிட்டுது. அன்றைக்கே போய் இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு மேசைக் கீபோர்ட் வாங்கி, லப்டொப்பின் மேலேயே வைத்து அடித்தேன். லைப்ரரியில் சத்தம் கேட்டுப் பட்ச்மேட் ஒருத்தி, “உது என்னடி, ஆர்மோனியமா?” என்றாள். மிச்ச அத்தியாயங்கள் எல்லாம் அந்த ஆர்மோனியத்தில்தான் முடிந்தன. நல்லாத்தான் இருந்தது, கீ முழுசாக இறங்கி முழுசாக எழும்பும், ஓரத்தில் தட்டினாலும் கேட்கும்.

எல்லாருக்கும் அது சரிவராது. என்னோடு படிக்கிற ஒருத்தனுக்கு ஏ கீ போய்விட்டது. அவன் தங்குகிற அறையில் மேசையே இல்லை. நாற்பது பக்க அறிக்கையைப் போனில் இரண்டு பெருவிரலால் அடித்து முடித்தான். ‘மாணவர்கள் ஆழமாக எழுதுகிறதில்லை’ என்று குறைப்படுகிறவர்கள், எதில் எழுதுகிறார்கள் என்றும் ஒருக்காக் கேட்கலாம்.

அதனால் லப்டொப் வாங்கப் போகிற தம்பி தங்கச்சிமாருக்கு என்னிடம் இருக்கிறது இவ்வளவுதான். கடையில் நின்று ‘பல்கலைக்கழகம்’ என்று இருபது தரம் அடியுங்கோ. தமிழ் எழுத்துரு அங்கே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உங்கட ஒழுங்கில் விரல் போகட்டும். விழுகிற ஆங்கில எழுத்துகளை எண்ணினால் போதும். உங்கட மொழி ஆகக் கூட அமத்துகிற கீ எது என்று கண்டுபிடித்து, அதை நாலு மூலையிலும் அமத்திப் பாருங்கோ. வலப்பக்க ஷிஃப்டின் நீளத்தைப் பாருங்கோ. கீபோர்ட் பழுதானால் தனியாக மாற்றலாமா, மேல்மூடியோடு மாற்ற வேணுமா என்று வாங்க முதலே கேளுங்கோ. மெலிஞ்ச லப்டொப் பலவற்றில் கீபோர்டை மேல்மூடியோடு பிளாஸ்டிக்கை உருக்கிப் பிணைத்திருப்பார்கள். அலுவலகங்களுக்கென்று செய்த பழைய திங்க்பாட், லற்றிடியூட் வகைகள் பலவற்றில் சில ஸ்குரூவைக் கழட்டினால் கீபோர்ட் கையோடு வரும். பார்வைக்குத் தடிப்புத்தான். ஆனால் நாலு வருசம் தமிழில் எழுதப்போகிற ஆளுக்கு மெலிவை விட அந்த ஸ்குரூ பெறுமதி. கடைக்காரர் விளங்காமல் பார்த்தால், எந்தக் கீ, அதில் என்ன எழுத்து என்று சொல்லிக் குடுங்கோ. அடுத்ததாக வருகிற ஆளிடம் ‘ஒருத்தரும் பாவிக்கிறதில்லை’ என்று அவர் சொல்லமாட்டார்.