ஒரே கம்பிக்கு இரண்டு பாத்தியதை

போன வாரம் மழைக்கு முன்னால் மொட்டைமாடியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பால் கவர், சணலால் கட்டித் தொங்கியது. கட்டியவன் நான்தான். உள்ளே தீப்பெட்டி அளவில் ஓர் உலோகப் பெட்டி. அதற்கு மூன்று மரை வாய்கள். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

2015-ஆம் வருடத்துக் கதை. முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு அப்பா கட்டியது. சுவர் ஒன்றரை அடி கனம், சுண்ணாம்புக் காரைப் பூச்சு. மாடியிலிருந்து கூடத்துக்கு டி.வி. கம்பி இறக்க ஒரு காலத்தில் சுவரை வெட்டிச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் குழாய் பதித்தோம். காரை பாளம் பாளமாக விழுந்ததைப் பார்த்து, "இனிமே இந்தச் சுவத்துல உளி வைக்காதீங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார் கொத்தனார். அந்தக் குழாய்க்குள் கோ-ஆக்சியல் கம்பி ஒன்றுதான் நுழையும். இரண்டாவது போகாது.

கூடத்தில் அம்மா. வயது தொண்ணூறு. கட்டிலை விட்டு இறங்க ஆள் வேண்டும். மாடியில் டிஷ் இருந்தது. காலையிலிருந்து இரவு வரை டி.வி.தான் அம்மாவுக்குத் துணை. அக்கா பிரான்சில். அத்தான் சொல்தா, அவரோடு போனவள். அந்த வருடம் அவளுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்திருந்தது. அவளால் வர முடியாது, அம்மாவால் போக முடியாது. கம்ப்யூட்டரில் முகம் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் மிச்சம்.

எங்கள் தெருவுக்கு இன்டர்நெட் கொடுத்தவர் கேபிள்காரர். அவர் கம்பி மொட்டைமாடி வரை வந்து நின்றது. மோடத்தை மாடிப்படி உச்சியில் வைத்தால் கூடத்துக்கு வைஃபை வரவில்லை. அப்பாவின் சுவர் அப்படி. முற்றத்து ஓடு வழியாகத் தனிக் கம்பி விட்டோம். எலி இரண்டு முறை கடித்தது. கடைசியில் ஞாயிறு மாலை நாலு மணிக்கு நான் மாடி ஏறி டிஷ் கம்பியைக் கழற்றி, கேபிள் கம்பியை முடுக்கிவிட்டு, கீழே வந்து டி.வி.யில் இருப்பதைக் கழற்றி மோடத்தில் முடுக்குவேன். அக்கா பேசி முடித்ததும் மறுபடி எல்லாம் தலைகீழாக. எனக்கு அப்போது அறுபத்தாறு. முட்டி சொன்னது.

"எதுக்கு சார் இந்தப் பாடு" என்று கேபிள்காரர் அனுப்பிய பையன் மேலே ஒன்று, கீழே ஒன்று சாதாரண ஸ்பிளிட்டர் மாட்டினான். டி.வி. வந்தது. மோடத்தின் விளக்கு அன்றோடு அணைந்தது. "உங்க வீட்டு கரண்ட் கோளாறு" என்றார்கள். புது மோடத்துக்குப் பணம் கேட்டார்கள். மூன்று ஞாயிறு அம்மா அக்காவைப் பார்க்கவில்லை.

1990களில் பெரிய குடை டிஷ்களை மாட்டிப் பெயர் வாங்கிய பழைய மெக்கானிக் ஒருவர் எங்கள் பக்கத்தில் இருந்தார். தொழிலை விட்டுவிட்டவர். அவரிடம் போய் நின்றேன். "கம்பியைத் தண்ணிக் குழாய் மாதிரி நெனைக்கறீங்க. அது ரேடியோ மாதிரி. ஒரே காத்துல எத்தனை ஸ்டேஷன் வருது?" என்றார்.

ஆகாயத்திலிருந்து வருவது 10,000 மெகாஹெர்ட்ஸுக்கும் மேலே. டிஷ் நுனியில் இருக்கும் எல்.என்.பி. அதை 950-லிருந்து 2150-க்குள் இறக்கிக் கம்பியில் அனுப்புகிறது. எங்கள் கேபிள் இன்டர்நெட் ஓடியது அதற்குக் கீழே. 5-க்கு மேல் ஆரம்பித்து 860-ஐ ஒட்டி முடிந்துவிடும். ஆக, அலைக்கு அலை சண்டையே இல்லை. சண்டை மின்சாரத்தில். செட்டாப் பாக்ஸ் அதே கம்பி வழியாக மேலே 13 அல்லது 18 வோல்ட் அனுப்பித்தான் எல்.என்.பி.யை ஓட்டுகிறது. பையன் மாட்டிய ஸ்பிளிட்டர் எல்லா வாயிலும் மின்சாரத்தைக் கடத்தும் ஜாதி. அது மோடத்துக்குள்ளும் போய்விட்டது.

அதற்கு மருந்துதான் டைப்ளெக்ஸர் என்ற அந்தத் தீப்பெட்டி. ஒரு வாய் மேல் அலைகளுக்கு, மின்சாரமும் போகும். இன்னொரு வாய் கீழ் அலைகளுக்கு, மின்சாரம் போகாது. மூன்றாவது இரண்டும் சேர்ந்த பொது வாய். மாடியில் ஒன்று சேர்க்கும், கூடத்தில் ஒன்று பிரிக்கும். நல்ல வேளையாக எங்கள் கம்பி ஆர்ஜி-6. பழைய ஆர்ஜி-59 ஆக இருந்திருந்தால் மேல் அலைகள் வழியிலேயே தேய்ந்திருக்கும் என்றார். துருப்பிடித்த கனெக்டர்களை வெட்டிவிட்டுப் புதிது போட்டார். கூலி வாங்கவில்லை, காப்பி மட்டும்.

அவர் விளக்கியபோது எனக்கு ஆபீஸ் ஞாபகம்தான் வந்தது. பிரெஞ்சில் படித்தவன் என்பதால் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைப் படித்துச் சொல்லும் வேலை எப்போதும் என் மேஜைக்கே வரும். அவற்றில் 'மித்வாயேன்' என்று ஒரு சொல் அடிக்கடி தட்டுப்படும். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர். பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 657-ஆம் பிரிவு, பொதுச் சுவரில் ஒருவர் உத்திரம் செருகலாம், ஆனால் அடுத்த பக்கத்தில் 54 மில்லிமீட்டராவது விட்டுவைக்க வேண்டும் என்கிறது. அந்த இரண்டு அங்குலத்துக்காகக் கோர்ட்டு வரை போனவர்களின் கட்டுகளை நான் சுமந்திருக்கிறேன். கம்பியிலும் 860-க்கும் 950-க்கும் நடுவே அப்படி ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். "ஆமாம் ஆமாம்" என்றார், மரியாதைக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை டி.வி. ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்கா முகம் வந்தது. அம்மா சத்தத்தை மட்டும் குறைத்தாள், அணைக்கவில்லை. "ஏண்டி இப்படி இளைச்சுட்டே?" என்றாள். அக்கா ஏதோ சமாளித்தாள். அம்மா கண் தொடருக்குத் திரும்பியதும் என்னிடம் பிரெஞ்சில் பேசினாள், உடம்பு நிஜமாகவே எப்படி இருக்கிறது என்று. சின்ன வயதில் தீபாவளிப் பட்சணம் திருடத் திட்டம் போட்ட பாஷை அது. அதற்கப்புறம் வாரா வாரம் இப்படித்தான். அம்மாவுக்கு டி.வி., எங்களுக்குப் பத்து நிமிஷம்.

ஒரு வாரம், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே அம்மா கேட்டாள்: "பிரெஞ்சுல பேசுனா எனக்குத் தெரியாதுன்னு நெனைப்பா? பிழைப்பாளா, அதை மட்டும் சொல்லு."

பிழைப்பாள் என்றேன். 2018-ல் அம்மா போனாள். அக்கா அதற்கு அடுத்த வருடம்.

இப்போது வீட்டுக்கு ஃபைபர் வந்துவிட்டது. பழைய கம்பி சுவருக்குள் அப்படியே கிடக்கிறது. பால் கவர் வெயிலில் நைந்து போயிருந்தது. புதுக் கவர் ஒன்று எடுத்து வந்து மாற்றிக் கட்டிவிட்டுக் கீழே இறங்கினேன்.