ஹாரன் இல்லாத வண்டி

வெள்ளி, காலை 6.30

பெங்களூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கும் ஷிப்ட் பஸ்களுக்கும் நடுவே இருங்காட்டுக்கோட்டை வந்து சேர்வதற்குள் எத்தனை முறை ஹாரன் அடித்தேன் என்பதற்குக் கணக்கில்லை. அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவனுக்கு டெலிவரி வண்டி ஓட்டுவதும் தொழிலில் பாதி. இருபது வருஷம் சென்னை ரோட்டில் ஓட்டிக் கற்ற பாடம் ஒன்றுதான்: எதிரில் வருபவனையும் நம்பாதே, பக்கத்தில் வருபவனையும் நம்பாதே. அவன் என்ன செய்வான் என்று அவனுக்கே தெரியாது.

ட்ராக் வாசலில் வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் காதில் விழுந்தது மயில் சத்தம். அதற்குப் பின்னால் எங்கேயோ ஒரு இன்ஜின் உறுமி அடங்கியது.

இந்த மூன்று நாள் ரேஸுக்காக இரண்டு வருஷம் பணம் சேர்த்துவைத்தேன். பயிற்சிப் பள்ளியில் படித்து, டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி, ரேஸ் ஓட்டுவதற்கான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. லைசென்ஸ் எடுத்தாயிற்று. வாடகைக்கு ஒரு பழைய எஸ்டீம் ரேஸ் கார் கிடைத்தது. வயது 42.

*

வண்டிக்குள் ஒன்றுமே இல்லை. பின்சீட் இல்லை, கார்பெட் இல்லை, கதவுக்கு உள்பக்கத் தட்டி இல்லை. வெறும் தகரம், அதற்குள் வெள்ளை பெயின்ட் அடித்த இரும்புக் குழாய்க் கூண்டு. என்னுடைய சீட் ஒன்றுதான். ஆறு முனை பெல்ட்டை மெக்கானிக் அண்ணன் முழங்காலைக் கொடுத்து இழுத்து இறுக்கியபோது பாதி மூச்சுதான் உள்ளே போனது. "மூச்சு விட முடியுதுன்னா இன்னும் லூசா இருக்குன்னு அர்த்தம் தம்பி" என்றார். அறுபதை நெருங்குபவர். எல்லோருக்கும் அண்ணன்.

ஸ்டீயரிங்கின் நடுவில் ஹாரன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அலுமினியத் தகடு. என் கட்டைவிரல் அங்கே போய்த் தானாகத் தடவிப் பார்த்தது. ரேஸ் வண்டியில் ஹாரன் கிடையாது. 140 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போகிறவனிடம் 'வழி விடு' என்று சொல்ல ஒரு வழியும் இல்லை.

*

ஸ்க்ரூட்டினி. வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். பரிசோதனைக்கு வந்தவர் பொறுமையானவர். தீயணைப்பான் முள் பச்சையில் நிற்கிறதா, இழுவைக் கொக்கிக்குப் பக்கத்தில் அம்புக்குறி ஒட்டியிருக்கிறதா, பெல்ட்டின் காலக்கெடு முடிந்துவிட்டதா, உடுப்பில் பெயரும் ரத்த வகையும் தைத்திருக்கிறதா. முன் கண்ணாடிக்குக் கீழே, நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் வரைந்த இடத்தில் ஒரு கம்பி. வெளியிலிருந்து யார் இழுத்தாலும் இன்ஜினும் கரண்டும் மொத்தமாக நின்றுவிடும். நான் நினைவிழந்து கிடந்தால் யாரோ ஒருவர் ஓடிவந்து இழுப்பதற்காக வைத்த கம்பி அது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

கழுத்துக்கு ஹேன்ஸ். தோள்மேல் நுகத்தடி போல உட்காரும் கார்பன் பட்டை, இரண்டு வார்களால் ஹெல்மெட்டோடு கட்டியிருக்கும். மோதும்போது உடம்பை பெல்ட் பிடித்துக்கொள்ளும். இது இல்லாவிட்டால் தலையை எதுவும் பிடிக்காது. அது முன்னால் பாய்கிற வேகத்தில் மண்டையோட்டின் அடிப்பகுதியே உடைந்துபோகும். ராபர்ட் ஹப்பர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியரும், ரேஸ் ஓட்டுநரான அவருடைய மைத்துனர் ஜிம் டவுனிங்கும் 1980-களிலேயே இதை உருவாக்கிவிட்டார்கள். கழுத்தைத் திருப்ப முடியவில்லை, இடைஞ்சல் என்று ஓட்டுநர்கள் ஒதுக்கிவைத்தார்கள். 2001-ல் டேட்டோனா ரேஸில் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் மோதி இறந்த பிறகுதான் உலகம் விழித்தது. ஃபார்முலா ஒன்னில் 2003-ல் கட்டாயமாக்கினார்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒன்றைப் போடாமலே இடைப்பட்ட வருஷங்களில் போனவர்களை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

*

ஓட்டுநர் கூட்டம். புதிதாக வந்த நான்கு பேரை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். மஞ்சள் கொடி: ஆபத்து, வேகம் குறை, முந்தாதே. மஞ்சளும் சிவப்பும் பட்டை: ரோட்டில் எண்ணெய், வழுக்கும். நீலம்: உன்னைவிட வேகமான வண்டி பின்னால் வந்துவிட்டது. இதெல்லாம் மனப்பாடம். நான் நோட்டில் எழுதிக்கொண்டது அதற்குப் பிறகு சொன்ன இரண்டு விஷயங்களை.

ஒன்று: "நீலக் கொடி பார்த்தா பதறி ஒதுங்காதீங்க. நீங்க எந்த லைன்ல போறீங்களோ அதுலயே போங்க. உங்களைத் தாண்டறது பின்னாடி வர்றவரோட பொறுப்பு."

இரண்டு: "வண்டி சுத்திடுச்சுன்னா ரெண்டு காலும் உள்ளே." கிளட்சையும் பிரேக்கையும் ஒருசேர அடிவரை மிதிக்க வேண்டும். சுற்றும் வண்டி அப்போது கிட்டத்தட்ட ஒரே திசையில் வழுக்கிக்கொண்டு போய் நிற்கும், அது எங்கே நிற்கும் என்று பின்னால் வருபவர்கள் கணிக்க முடியும். பாதியில் பிரேக்கை விட்டால் டயருக்குத் திடீரென்று பிடிப்பு வந்து, வண்டி அம்பு மாதிரி ரோட்டுக்குக் குறுக்கே பாயும்.

கட்டுப்பாடு போன பிறகும் மற்றவர்கள் கணிக்கும்படி நடந்துகொள்ள வேண்டும். சாப்பாட்டு நேரம் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

வெள்ளி மாலை. பயிற்சி ஓட்டம், 20 நிமிஷம்.

ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். நேர்கோடு முடிந்ததும் வருகிற வலது வளைவை எல்லோரும் சி1 என்கிறார்கள். பார்த்தால் அவ்வளவு வளைந்ததாகத் தெரியாது, அதனால்தான் வேகமாகப் போக முடிகிறது, அதனால்தான் பயம். 140-ல் வண்டி ஒரு நொடிக்கு 39 மீட்டர் ஓடும். கண் சிமிட்டும் நேரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் அகலம் கடந்துவிடுகிறது.

முதல் ஐந்து லேப் முழுக்க முன்னால் போகும் வண்டியின் பம்பரைத்தான் பார்த்தேன். சென்னைக் கண். அது 10 அடிக்குமேல் பார்க்கப் பழகவில்லை. அண்ணன் பிட்டில் குனிந்து, ஹெல்மெட் துளைக்குள் வாயை வைத்த மாதிரி கத்தினார்: "வளைவுல நுழையறப்போ வளைவு முடியற இடத்தப் பாரு!" அடுத்த லேப்பில் பார்த்தேன். வளைவு அகலமானது போல இருந்தது. கை நடுக்கமும் கொஞ்சம் குறைந்தது.

டயரில் காலையில் 26 வைத்த காற்று, உள்ளே வந்ததும் அளந்தால் 32. சூட்டில் ஏறிய காற்று. அண்ணன் அளந்து, விட்டு, நோட்டில் எழுதினார். அவரிடம் 1990-லிருந்து எழுதிய நோட்டுகள் இருக்கின்றனவாம். இந்த ட்ராக் திறந்த வருஷம் அது.

*

இரவு. தூக்கம் வரவில்லை. சோழவரம் ஞாபகம்.

ஏழு வயதில் அப்பா செங்குன்றம் தாண்டி ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்காரர்கள் 1950-களில் அங்கே ரேஸ் தொடங்கி, இருங்காட்டுக்கோட்டை வரும்வரை நடத்தினார்கள். பொட்டல் வெயில், கண்ணுக்கெட்டியவரை தலைகள். நான் அப்பாவின் தோளில் இருந்தேன். பார்த்தது ஒன்றும் மனதில் இல்லை, மூக்கில் மட்டும் இருக்கிறது. ஆமணக்கெண்ணெய் எரிந்த மாதிரி ஒரு வாசனை.

கோவை கரிவரதனையும் நினைத்துக்கொள்கிறேன். மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றைச் சீட்டு ரேஸ் கார் கட்டியவர். ஃபார்முலா மாருதி. வெளிநாட்டு வண்டி வாங்கும் வசதியுள்ளவர்கள் கையில் இருந்த விளையாட்டை, பட்டறையில் கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள் கைக்குக் கொண்டுவந்தார். நரேன் கார்த்திகேயன் ஓட்டிய முதல் ரேஸே ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதிதான், அதிலேயே போடியம் ஏறினார். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்க கரிவரதன் இல்லை. 1995-ல் சிறிய ரக விமான விபத்தில் போய்விட்டார். கோவை செட்டிப்பாளையத்து ட்ராக்குக்கு அவர் பெயர்தான். லேத் பட்டறைக்காரன் நான் இன்றைக்கு இங்கே படுத்திருப்பதில் அவருக்கும் பங்கு உண்டு என்று மனதார நம்புகிறேன்.

*

சனி. தகுதிச் சுற்றில் 16 பேரில் நடுவில் ஒரு இடம். 2 நிமிஷம் 14 நொடி. சராசரி வேகம் மணிக்கு 100-க்கு ஒரு நூல் குறைவு.

முதல் ரேஸ், மதியம் 2.40. ஐந்து சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, மொத்தமாக அணைந்தன. அந்த அணைப்பை நான் பார்க்கவில்லை. முன்னால் நின்ற வண்டி எழும்பியதைத்தான் பார்த்தேன். நான் கிளட்சை விடுவதற்குள் என் இரண்டு பக்கமும் காலி.

மூன்றாவது லேப். நடுவிலிருக்கும் ஒரு இடது வளைவு. வேகமாக நுழைந்துவிட்டேன் என்று வயிறு சொன்னது, கால் ஆக்சிலேட்டரிலிருந்து வெடுக்கென்று எழுந்தது. அண்ணன் காலையில்தான் சொல்லியிருந்தார்: "பயந்து கால எடுக்காத தம்பி. பயப்படறதுக்கு முன்னாடியே எடு." வளைவின் நடுவில் காலை எடுத்தால் வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது, பின் டயர்கள் லேசாகிவிடுகின்றன. பின்பக்கம் எனக்கு முன்னால் போகப் பார்த்தது. கண்ணாடி முழுக்க வானம், புல், வானம்.

ரெண்டு காலும் உள்ளே.

நின்றேன். பாதி வண்டி தாரில், பாதி புல்லில், மூக்கு வந்த வழியைப் பார்த்தபடி. எதிரே மூன்று வண்டிகள் வருகின்றன. ஹாரன் இல்லை, கையைக் காட்டினாலும் யாருக்கும் தெரியாது. பிரேக்கை மட்டும் விடவில்லை. தொடை நடுங்கியது. ஒன்று என் இடதில் போனது, இரண்டு வலதில் போயின. மூன்றாவதன் காற்று கதவுத் தகரத்தில் அறைந்தது. ஒருவரும் தடுமாறவில்லை. நான் நிற்கும் இடத்தில் நிற்பேன் என்று நம்பி, ஒவ்வொருவரும் தன் வழியை முன்னமே எடுத்துவிட்டிருந்தார்.

கம்பி வேலிக்குப் பின்னால் ஆரஞ்சு உடுப்பில் ஒரு மார்ஷல். உள்ளங்கையை விரித்து 'நில்' என்று காட்டினார். இன்னும் இரண்டு வண்டி போயின. பிறகு கையைச் சுழற்றி 'வா' என்றார். திரும்பிச் சேர்ந்தேன். கடைசி இடம்.

*

சனி மாலை. பேட் தேய்ந்திருந்தது. அண்ணன் ஓரத்தில் நகத்தை வைத்து அளந்து தலையை ஆட்டினார். பிரேக் ஆயில் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. 70-லிருந்து நிறுத்துவதைவிட 140-லிருந்து நிறுத்த நாலு மடங்கு வெப்பம், அத்தனையும் அந்த உள்ளங்கை அகலத் துண்டுகளுக்குள். ஆயில் கொதித்தால் குமிழி வரும். குமிழி அமுங்கும், பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது. ஏர் எடுக்க உட்கார்ந்தோம். நான் பெடலில், அவர் சக்கரத்தடியில். "அமுக்கு. பிடி. ம். விடு." நாலு சக்கரம், முக்கால் மணி நேரம். மூன்றாவது சக்கரத்திலிருந்து அவர் பேசவே இல்லை, ஸ்பேனரால் டிஸ்க்கை ஒரு தட்டு தட்டினால் அமுக்கு, இரண்டு தட்டினால் விடு.

பக்கத்து பிட்டில் தன் ரேஸை முடித்த ஒருவர், பேட் ஒரு செட் மிச்சம் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு வந்தார். நாளைக்கு அவரும் நானும் ஒரே கிரிட்டில்.

*

ஞாயிறு. இரண்டாவது ரேஸ், 10 லேப்.

எங்கள் வகுப்போடு பெரிய இன்ஜின் கார்களும் சேர்ந்து ஓடின. என்னைவிட லேப்புக்கு 20 நொடி வேகமானவர்கள். ஏழாவது லேப்பில் நீலக் கொடி ஆடியது. கண்ணாடியில் ஒரு புள்ளி. அடுத்த வளைவு தாண்டியதும் அது கண்ணாடி முழுக்க நிறைந்தது. ஒதுங்கு என்று இருபது வருஷப் பழக்கம் சொன்னது. ஒதுங்கவில்லை. என் லைனிலேயே பிரேக் போட்டு, என் லைனிலேயே திரும்பினேன். அவர் உள்பக்கம் ஒரு அடி இடைவெளியில் நுழைந்து, நான் ஸ்டீயரிங்கை நேராக்கும்போது 30 மீட்டர் முன்னால் இருந்தார். ஜன்னலில் ஒரு கை உயர்ந்து இறங்கியது.

ஊர் ரோட்டில் இத்தனை வருஷத்தில், பெயர் தெரியாத ஒருவர் என்னை இவ்வளவு நம்பியதும் இல்லை, நான் நம்பியதும் இல்லை.

பதினொன்றாவது இடம்.

*

வண்டியை லாரியில் ஏற்றிய பிறகு இரண்டு மோர் பாக்கெட் வாங்கிக்கொண்டு அந்த இடது வளைவு மார்ஷலைத் தேடிப் போனேன். கொடிகளைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். கல்லூரி மூன்றாம் வருஷம், ஊர் பக்கத்தில்தான். காலை ஏழு மணியிலிருந்து நின்றதில், ஷூ லேஸ் கட்டியிருந்த இடம் தவிர மற்றதெல்லாம் செம்மண் நிறம். சனிக்கிழமை சுற்றிய எஸ்டீம் நான்தான் என்றேன்.

"தெரியும் சார். நின்னதுக்கப்புறமும் உங்க பிரேக் லைட் எரிஞ்சிட்டே இருந்துச்சு. அதப் பாத்துதான் எனக்கு உயிர் வந்துச்சு. லைட் அணைஞ்சிருந்தா வண்டி எந்தப் பக்கம் உருளும்னே தெரிஞ்சிருக்காது."

அவர் ஒரு மோரைக் குடித்துவிட்டு, இன்னொன்றை அடுத்த போஸ்ட்டில் நிற்பவருக்கு என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.