ஒரு பிடி அரிசி

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன் மக்களே. இது பிரசங்கம் இல்லை. யாரையும் மதம் மாத்துற உத்தேசமும் இல்லை. (என்னையே இன்னும் முழுசா மாத்தி முடிக்கலை, இதுல உங்களை எங்க... :-)) ரொம்ப நாளா மனசுல கிடந்த ஒரு விஷயம். இறக்கி வைக்கணும்னு தோணிச்சு, அவ்வளவுதான்.

திருநெல்வேலிப் பக்கம் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு 'சாட்சி' என்றால் என்னவென்று தெரியும். கன்வென்ஷன் பந்தலில் ஒருவர் எழுந்து மைக்கைப் பிடிப்பார். "குடிச்சேன், சீட்டாடினேன், வீட்டை அடமானம் வச்சேன். ஒருநாள் ராத்திரி முழங்கால் போட்டு ஜெபிச்சேன். அன்னையிலேருந்து இன்னைக்கு வரைக்கும் மனசு நெறஞ்சு இருக்கேன்." பந்தல் முழுக்க ஸ்தோத்திரம் கிளம்பும். சின்னப் பையனா மணல்ல உட்கார்ந்திருந்த எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். சரி, மறுநாள் காலையில என்ன ஆச்சு? அதுக்கு அடுத்த நாள்? அதை மட்டும் யாருமே சொல்ல மாட்டாங்க.

வளர்ந்த பிறகு நானும் ஒரு நிறைவைத் தேடிக்கிட்டுதான் இருந்தேன், ஆனா கோயிலில் இல்லை. சென்னையில ஒரு வேலை கிடைச்சா போதும்னு நினைச்சேன். கிடைச்சது. சொந்தமா ஒரு ஃப்ளாட் இருந்தா போதும்னு நினைச்சேன். மேடவாக்கத்துல அதுவும் வந்தது. பால் காய்ச்சிய அன்னைக்கு ராத்திரி, சொந்தக்காரங்க எல்லாம் கிளம்பினப்புறம், காலி ஹால்ல தனியா உட்கார்ந்தேன். "இவ்வளவுதானா?"ன்னு ஒரு நினைப்பு. மூணாவது வாரமே எதிர் பிளாக்கில் இருந்த மூணு பெட்ரூம் வீட்டை அண்ணாந்து பார்க்க ஆரம்பிச்சாச்சு. கோயிலுக்குக் கிறிஸ்துமஸ், வருஷப் பிறப்பு ஆராதனைக்குப் போறதோட சரி.

இப்ப அம்மா விஷயத்துக்கு வரேன்.

எங்க பக்கத்துக் கோயில்களில் கைப்பிடி அரிசிக் காணிக்கை என்று ஒரு வழக்கம் உண்டு. சோறாக்க அரிசி அளந்ததும், களையுறதுக்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியா ஒரு டப்பாவில் போட்டுடணும். மாசம் ஒருதடவை அதைக் கோயிலுக்குக் கொண்டு போகணும். அந்த அரிசியை விற்று வரும் காசு ஊழியத்துக்குப் போகும். எங்க ஊருக்கு மட்டும் உரியது இல்லை இது. மிசோரமில் இதே வழக்கத்துக்குப் 'புஃபாய் தாம்' என்று பெயர், 1910-லிருந்து நடக்கிறது. வீட்டுக்கு வீடு பெண்கள் எடுத்து வைத்த பிடி அரிசியிலேயே அங்கே பெரிய பெரிய மிஷனெரி வேலையெல்லாம் நடந்திருக்கு.

எங்க வீட்டில் அதுக்கு ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். நான் ஆறாவது படிக்கும்போது அப்பா வேலை பார்த்த மில்லை மூடிட்டாங்க. ராத்திரிக்குக் கஞ்சிதான். அப்பவும் அம்மா கை அந்த பாட்டிலுக்குப் போகும். அப்பா ஒருநாள் கத்திட்டார். "நமக்கே கொறையுது, இதுல ஊழியத்துக்கு வேறயா?" அம்மா சத்தமே போடலை. "கொறையிற மாசம் எடுக்காட்டா, நெறையிற மாசமும் கை வராதுங்க."

அப்ப எனக்கு அப்பா சொன்னதுதான் நியாயமாப் பட்டது. பசிச்சதே!

2017-ல் அம்மாவுக்கு ஸ்ட்ரோக். வலது கையும் காலும் போச்சு, பேச்சும் போச்சு. "தண்ணி" என்கிற ஒரு வார்த்தைக்குக் கண்ணில் நீர் வரும்வரை போராடுவாங்க. களக்காட்டுப் பக்கம் இருந்த அக்கா வீட்டில் வச்சுப் பார்த்தோம்.

ஒரு உண்மையைச் சொல்லணும். முதல் மூணு மாசம் அம்மா விசுவாச வீராங்கனையா எல்லாம் இருக்கலை. கரண்டியைத் தூக்கி எறிஞ்சாங்க. ஐயர் ஜெபம் பண்ண வந்தப்ப முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. அக்கா வேதபுத்தகத்தைப் பக்கத்தில் வச்சா, இடது கையால தள்ளி விட்டாங்க. நாப்பது வருஷம் விடாம கோயிலுக்குப் போன மனுஷி! எனக்கு உள்ளுக்குள்ள, "பாத்தியா, இதுவும் நிக்கலை"ன்னு ஒரு குரூரமான திருப்தி. வெட்கமாத்தான் இருக்கு, ஆனா இருந்தது.

அப்புறம் ஒருநாள் காலையில், அக்கா அரிசி அளந்துக்கிட்டு இருந்தப்ப, அம்மா கட்டிலிலிருந்து ஏதோ சைகை காட்டியிருக்காங்க. அக்காவுக்குப் புரியலை. பாத்திரத்தைப் பக்கத்தில் கொண்டு போனதும், இடது கையை அரிசிக்குள்ள விட்டு அள்ளினாங்களாம். பாதி தரையில சிந்திருச்சு. மீதியைக் கையிலேயே மூடி வச்சுக்கிட்டு அக்காவையே பார்த்தாங்களாம். அக்கா ஓடிப் போய் பழைய பாட்டிலைத் தேடி எடுத்துட்டு வந்தா. மறுநாளும் அப்படித்தான். அதுக்கு அடுத்த நாளும்.

கொஞ்ச நாள்ல பாட்டு வந்தது. தண்ணின்னு சொல்ல வராத வாய்க்கு, ஒரு கீர்த்தனை சரணத்தோட முழுசா வந்தது. பேச்சு பெரும்பாலும் மூளையின் இடது பக்கத்தை நம்பியிருக்கு, பாட்டுக்கு வலது பக்கமும் கைகொடுக்கும், அதனால இப்படி நடக்கிறதுண்டுன்னு டாக்டர் சொன்னார். அற்புதம்னு உபதேசியார் சொன்னார். ரெண்டு பேரோடயும் எனக்குச் சண்டை இல்லை. :-)

அந்தத் தடவை ஊருக்குப் போனப்ப கேட்டேன். "ஏம்மா, கோவமெல்லாம் போயிட்டா?"

அம்மா யோசிச்சாங்க. ரொம்ப நேரம் கழிச்சு, "வரும்... போவும்"னாங்க. அப்புறம் பாட்டிலைக் காட்டி, "இது... தெனம்."

சின்ன வயசில் பந்தலில் கேட்ட கேள்விக்கு அன்னைக்குத்தான் பதில் கிடைச்சது. மறுநாள் காலையில ஒரு பிடி அரிசி. அதுக்கு அடுத்த நாளும் ஒரு பிடி.

மறுநாள் டோனாவூர் வரைக்கும் போய்ட்டு வந்தேன், பக்கம்தான். ஏமி கார்மைக்கேல் அம்மையார் அயர்லாந்தில் 1867-ல் பிறந்தவர். 1895-ல் இந்தியா வந்தவர், ஒருதடவைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பெண் குழந்தைகளுக்கும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் அங்கே தாயாக இருந்தவர். இதெல்லாம் ஞாயிறுப் பள்ளியிலேயே சொல்லித் தந்திருந்தாங்க. ஆனா 1931-ல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டு, 1951-ல் இறக்கும்வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் தன் அறையிலேயே, வலியோட கிடந்தார் என்பது அன்னைக்குத்தான் உறைத்தது. அந்த அறையிலிருந்து புத்தகம் புத்தகமா எழுதியிருக்கார். கல்லறையில் கல் வைக்க வேண்டாம்னு சொன்னவர். பறவைகளுக்கான ஒரு தண்ணீர்த் தொட்டிதான் இருக்கு அங்கே. அந்த 20 வருஷத்தில் எத்தனை காலை விடிஞ்சிருக்கும்! எல்லாக் காலையும் சந்தோஷமா விடிஞ்சிருக்காது.

பவுல் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில், மனரம்மியமா இருக்கிறதைத் தான் கற்றுக்கொண்டதா எழுதுறார். எத்தனையோ தடவை கேட்ட வசனம்தான். கற்றுக்கொள்ளுறதுன்னா தப்பும் தவறுமா, தினமும் கொஞ்சம் கொஞ்சமாத்தானே? நான் ஏதோ வானத்திலிருந்து மூட்டையா வந்து விழும்னு காத்துக்கிட்டு இருந்திருக்கேன். விழாததும், ஒண்ணுமே இல்லைன்னு முடிவு கட்டிட்டேன்.

அம்மா 2021-ல் போயிட்டாங்க. பாட்டிலில் கால்வாசி அரிசி இருந்தது. அடக்கம் முடிஞ்ச அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அக்கா அதைக் கோயிலுக்குக் கொண்டு போனா.

மேடவாக்கம் வீட்டில் இப்ப எங்ககிட்டயும் ஒரு பாட்டில் இருக்கு. காலையில சோறு என் பொறுப்பு. அரிசி அளந்து, ஒரு பிடி எடுத்துப் போட்டுட்டு, ஒரு நிமிஷம் ஜெபம். அவ்வளவுதான் என் ஆவிக்குரிய வாழ்க்கை, பெருசா ஒண்ணும் இல்லை. ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு இன்னும் வருது. போன வருஷம் வர வேண்டிய பதவி உயர்வு வேற ஒருத்தருக்குப் போனப்ப வயிறு எரிஞ்சது. ஆனா மறுநாள் காலையில் கை பாட்டிலுக்குப் போச்சு. கை போனதும் மனசும் கொஞ்சம் பின்னாலேயே போச்சு. எதிர் பிளாக்கைப் பார்த்தா இப்ப அது வெறும் எதிர் பிளாக்தான்.

இதை ஒரு சாட்சின்னு எடுத்துக்கிட்டாலும் சரி. பந்தலில் சொன்னா ஸ்தோத்திரம் கிடைக்காது. :-)

பி.கு: எங்க சென்னைக் கோயிலில் அரிசிக் காணிக்கை வாங்குறது இல்லை. பாட்டில் நிறைஞ்சதும் பக்கத்து முதியோர் இல்லத்துல கொண்டு போய்க் கொடுத்துடறோம். "இத்துணூண்டு அரிசியை எடுத்துக்கிட்டு எப்படிங்க போறது?"ன்னு வீட்டம்மா மொதல்ல கூச்சப்பட்டாங்க. இப்ப நான் மறந்தா அவங்கதான் எடுத்துப் போடறாங்க.